பெட்டி கழன்றால் யார் நிறுத்துவது?

சிறுபோக அறுவடை முடிந்த ஒரு மாலை நேரம். வன்னியில் ஒரு குளக்கட்டின் மேலாக ஏறி இறங்கும் கிறவல் பாதை. இருபத்தெட்டு நெல் மூடைகளும் அவற்றின் மேல் பதினொரு பேரும் ஏறியிருந்த உழவு இயந்திரப் பெட்டி, கட்டின் உச்சியை அடையச் சில யார் தூரம் இருக்கையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இயந்திரம் இலேசாகி முன்னே பாய்ந்தது. பெட்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது. மூடைகளின் மேல் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று விளங்குமுன்னரே அது சரிவில் இருபது யாருக்கு மேல் ஓடி, ஒரு பாலை மரத்தில் மோதிச் சரிந்தது. ஒரு தாயின் கை முறிந்தது. நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வாய்க்கால் சேற்றில் வீசப்பட்டதால் உயிர் தப்பியது. மற்றப் பக்கம் விழுந்திருந்தால் அங்கே கருங்கல் அடுக்கு.

அந்தக் குடும்பங்கள் சொந்த ஊரில் இருப்பவர்கள் அல்லர். இருப்பது உறவினர் காணியில் போட்ட கொட்டிலில்; விதைத்தது குத்தகைக்கு எடுத்த வயலில். இரண்டுக்கும் இடையில் ஆறு மைல். நெல்லும் ஆட்களும் ஒரே பெட்டியில் வருவதற்குக் காரணம் அதுதான். "பெட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள்" என்று எழுதிவிட்டு நான் பேனாவை மூடிவிடலாம். சரியான ஆலோசனையும் அதுவே. ஆனால் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட சனத்தில் எத்தனையோ குடும்பங்கள் பெட்டியில்தான் வந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம்விட்டு இடம் ஓடிய சனமும் பெட்டியில்தான் ஓடியது. முதலாவது பயணத்தில் பானை சட்டிகளுக்கு நடுவே நானும் ஒரு பிள்ளையாக இருந்தேன். அந்தப் பெட்டியை இயந்திரத்தோடு தொடுத்து வைத்திருந்தது எது என்று எங்களில் ஒருவரும் அன்று குனிந்து பார்க்கவில்லை. பெட்டியில் ஏறுவது எமக்குத் தவிர்க்க முடியாத காரியமாக இருக்கும்வரை, அது கழன்றால் என்ன செய்யும் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் சாரதியைச் சந்தித்தேன். மனம் உடைந்து போயிருந்தார்.

"ஆணி புதுசு பாதர். போன மாசம்தான் பட்டறையில கடைஞ்செடுத்தது. உடையேல்லை, வளையேல்லை. எப்பிடிக் கழண்டதெண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

அவர் சொன்னது உண்மை. இணைப்பு ஆணி பாதையிலேயே கிடந்து எடுக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் அடி நுனியில் பூட்டு ஊசி போடுவதற்கான துளையும் இருந்தது. ஊசிதான் இருக்கவில்லை. பாரமான ஆணி, தன் பாரத்திலேயே நிற்கும் என்று அவர் நம்பியிருந்தார். இப்படி நம்புகிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அலவாங்குத் துண்டையும் கட்டிடக் கம்பியையும் ஆணியாகப் போட்டு, மேலே ஒரு வளைவு வளைத்துவிட்டு வருடக்கணக்காக ஓடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டு சில்லுப் பெட்டி ஒரு கிணற்றுத் துலாவைப் போன்றது. துலாவுக்கு ஆடுகால் எப்படியோ பெட்டிக்கு அச்சு அப்படி. பாரம் அச்சுக்கு முன்னால் கூடுதலாக இருந்தால் பெட்டியின் ஏர்க்கால் கீழ்நோக்கி அழுத்தும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேல்நோக்கி எழும்பும். அன்று நெல் மூடைகள் பெட்டியின் பின்பக்கத்தில் உயர அடுக்கப்பட்டிருந்தன; ஆட்களும் காற்றுக்காகப் பின்னாலேயே ஏறியிருந்தார்கள். சமதரையில் அது பெரிதாகத் தெரியவில்லை. கட்டில் ஏறத் தொடங்கியதும் பாரம் இன்னும் பின்னுக்குச் சாய்ந்தது. ஏர்க்கால் வளையம் மேல்நோக்கி எழும்பி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆணியைக் கவ்வி, சிறிது சிறிதாக மேலே கிளப்பியிருக்கிறது. வளையத்தின் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவம் ஆகிவிட்டால் அது ஆணியைச் சரிவாகப் பிடிக்கும். அப்போது இன்னும் இலகுவாகக் கிளப்பும். ஆணி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் இதில் வித்தியாசமில்லை. பூட்டு ஊசி இல்லாத ஆணியைத் தடிப்பாகச் செய்விப்பது கதவுக்குப் பூட்டுப் போடாமல் பலகையை மட்டும் தடிப்பாக்குவது போன்றது.

மொத்தப் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இணைப்பின்மேல் கீழ்நோக்கி அழுத்துமாறு ஏற்றுவது நல்ல கணக்கு. அளவுக்கு மிஞ்சி முன்னால் ஏற்றினால் உழவு இயந்திரத்தின் முன்சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பத் தொடங்கும், திருப்பினாலும் திரும்பாது. ஆகவே பெரிய பாரத்தை அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும் வையுங்கள். ஆட்கள் ஏறினால் அவர்களையும் பாரமாகக் கணக்கெடுங்கள். பதினொரு பேர் என்பது எட்டு மூடை நெல்லுக்குக் குறையாது.

இனி, ஆணி கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை நிறுத்துவது எது?

மூடை ஒன்று 65 கிலோ என்றால் இருபத்தெட்டு மூடை 1,820 கிலோ. ஆட்களையும் வெறும் பெட்டியின் பாரத்தையும் சேர்த்தால் 3 தொன் அளவில் வரும். பத்து அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் அந்தப் பெட்டியைக் கீழே தள்ளும் விசை ஏறத்தாழ 300 கிலோ. நான்கு ஆண்கள் ஓடிப்போய்த் தோள் கொடுத்தாலும் நிற்காது. தோள் கொடுத்தவர்களும் சில்லுக்குள் போவார்கள். கல்லைத் தூக்கிப் போட்டு நிறுத்தலாம் என்பவர்களுக்கு வேறொரு நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1889 யூன் 12ஆம் திகதி அயர்லாந்தில் ஆர்மா என்ற நகரிலிருந்து ஞாயிறு மறைப்பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோரும் கடற்கரைச் சுற்றுலாவுக்கு ஒரு புகையிரதத்தில் புறப்பட்டார்கள். பதினைந்து பெட்டிகள். ஒரு நீண்ட ஏற்றத்தில் இயந்திரத்துக்கு இழுவை போதாமல் வண்டி நின்றுவிட்டது. முன்னால் உள்ள ஐந்து பெட்டிகளை முதலில் அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோவது என்றும், பின்னால் உள்ள பத்தையும் அங்கேயே விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுப்பது என்றும் தீர்மானித்தார்கள். பின்பெட்டிகளைக் கைப்பிறேக்கினால் பிடித்து, சில்லுகளுக்குக் கற்களையும் அண்டைகொடுத்தார்கள். முன்பகுதி புறப்படும்போது சற்றே பின்வாங்கி, பின்பகுதியை இலேசாகத் தட்டியது. கற்கள் நொருங்கின. பத்துப் பெட்டிகளும் சனத்தோடு பின்னோக்கி ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு புகையிரதத்தில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள்.

அந்த வண்டியில் பிறேக் இல்லாமல் இல்லை. இயந்திரத்திலிருந்து குழாய் வழியாக எல்லாப் பெட்டிகளுக்கும் போகும் வெற்றிடப் பிறேக் இருந்தது. ஆனால் அது இயந்திரத்தோடு இணைந்திருக்கும்போது மட்டும் பிடிக்கும் வகை. குழாயைக் கழற்றியவுடன் பிறேக்கும் போய்விட்டது. குழாய் அறும்போது தானாகவே பிடித்துக்கொள்ளும் வகை அப்போதே இருந்தது. அமெரிக்காவில் ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் காற்றழுத்தத்தால் இயங்கும் அத்தகைய பிறேக்கை 1872இலேயே செய்திருந்தார். ஆர்மா விபத்துக்குப் பிறகு, அதே 1889ஆம் ஆண்டிலேயே, பயணிகள் புகையிரதங்களுக்குத் தானாகப் பிடிக்கும் பிறேக்கைக் கட்டாயமாக்கிப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

இணைந்திருக்கும்போது பிடிக்கும் பிறேக் ஒன்று. இணைப்பு அறும்போது பிடிக்கும் பிறேக் இன்னொன்று. எமது உழவு இயந்திரத்தின் பிறேக் முதலாவது வகை. சாரதி எவ்வளவு பலமாக மிதித்தாலும், ஆணி கழன்ற பெட்டிக்கு அது ஒன்றும் செய்யாது.

இரண்டாவது வகையை நான் கிட்ட நின்று படித்தது, எமது நிலையத்துக்கு வந்த பழைய மின்பிறப்பாக்கி ஒன்றினால். ஐரோப்பாவில் செய்தது, இரண்டு சில்லில் இழுத்துச் செல்லக்கூடியது, பாரம் ஒரு தொன்னுக்கு மேல். முகாம்களுக்கும் மீள்குடியேறிய கிராமங்களுக்கும் இப்படிப் பல மின்பிறப்பாக்கிகளும் தண்ணீர்த் தாங்கிகளும் வந்திருக்கின்றன. உங்கள் சங்கத்திலோ பாடசாலையிலோ ஒன்று நிற்கக்கூடும். ஆதலால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வண்டிகளின் ஏர்க்கால் ஓர் உறைக்குள் சிறிது முன்னும் பின்னும் நகரும். இழுக்கும் இயந்திரம் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் வண்டி தன் வேகத்தில் முன்னே தள்ளும். ஏர்க்கால் உறைக்குள் புகும். அது ஒரு நெம்பை அழுத்த, நெம்பு ஒரு கம்பியை இழுக்க, கம்பி சில்லுகளின் டிறம்மிற்குள் இருக்கும் பிறேக் ஷூக்களை விரிக்கும். அதே கம்பியைக் கைப்பிறேக் நெம்பும் இழுக்கும். அந்தக் கைப்பிறேக் நெம்பிலிருந்து ஒரு மெல்லிய உருக்கு வயர் முன்னால் வந்து இழுக்கும் வாகனத்தில் கொழுவப்பட்டிருக்கும். ஆணி கழன்று வண்டி பிரிந்தால் வயர் இறுகி, கைப்பிறேக்கை இழுத்து மேலே நிறுத்தும். அதன்பின் வயர் அறுந்துவிடும். பிறேக் பிடித்தபடி வண்டி தனியே நிற்கும்.

எமது வண்டியை ஆராய்ந்தவர், ஒருகாலத்தில் சொந்தக் கராஜ் வைத்திருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு வயதான திருத்துநர். முதலில் வயரைப் பார்த்தார். வயர் இல்லை, அதன் இடத்தில் யாரோ நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள். அதன் மறுமுனை எங்கே கட்டப்பட்டிருந்தது தெரியுமா? இணைப்பு ஆணியின் தலையில்! ஆணி கழன்று விழுந்தால் கயிறும் அதோடு விழும்.

"இது பிறேக் இல்லைத் தம்பி, ஆணி துலையாமல் இருக்கக் கட்டின கயிறு" என்று பக்கத்தில் நின்ற சாரதியிடம் சொன்னார்.

வயரின் முனையை உழவு இயந்திரத்தின் உடலோடு சேர்ந்த, எந்நாளும் கழராத ஓர் இடத்தில் கொழுவ வேண்டும். நைலோன் இழுபடும், நெம்பு எழும்பும்முன் கயிறு நீளும். தடித்த சங்கிலி போட்டாலும் பிழை. அது அறாது, ஆகவே கைப்பிறேக் நெம்பையே வளைத்துக் கழற்றிவிடும். பிறேக்கை இழுத்து நிறுத்தும் அளவு பலமும், அதன்பின் அறும் அளவு மெலிவும் அந்த வயருக்கு வேண்டும். அதற்கென்றே விற்கும் வயரை வாங்குவதுதான் நல்லது. நீளமும் முக்கியம். கூர்மையான வளைவில் திரும்பும்போது இறுகக் கூடாது. இறுகினால் ஓடும்போதே பிறேக் விழும். நிலத்தில் இழுபடவும் கூடாது.

அடுத்து நெம்பைக் கையால் உயர்த்தினார். அது உச்சிவரை போனது. ஆனால் விட்டவுடன் கீழே விழுந்தது. நெம்பைப் பிடித்து வைக்கும் பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. வயர் இழுத்தாலும் ஒரு கணம்தான் பிறேக் பிடிக்கும், வயர் அறுந்ததும் விட்டுவிடும். பற்களை வெல்டிங் வைத்து அரத்தால் அராவிச் சரிசெய்தார். கறள் பிடித்த சுருள்வில்லையும் மாற்றினார்.

இப்போது நெம்பு நின்றது. சில்லோ சுகமாகச் சுற்றியது! இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். நடுக் கம்பியின் நட்டை இறுக்கிக் கம்பியைக் கட்டையாக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். பிறகு ஷூக்கள் டிறம்மில் உரசிச் சூடேறும். அவர் கம்பியைத் தளர்த்திவிட்டார். சில்லை ஜக்கில் உயர்த்தி, மற்றச் சில்லுக்கு இருபக்கமும் கட்டை வைத்து, டிறம்மின் பின்பக்கத்தில் உள்ள சீராக்கியைச் சில்லு இறுகும்வரை திருப்பினார். பிறகு சில்லு தடையின்றிச் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்னே தளர்த்தினார். இரண்டு சில்லுக்கும் இப்படிச் செய்து முடித்த பின்னர்தான் நடுக் கம்பியின் தொய்வை எடுத்தார். முதலில் சில்லு, பிறகு கம்பி. இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது.

இடச் சில்லு பிடித்தது. வலச் சில்லு பிடிக்கவில்லை. டிறம்மைக் கழற்றியபோது உள்ளே கிறீஸ் குளமாகக் கிடந்தது. அச்சுக்குக் கிறீஸ் கூடக்கூட நல்லது என்று யாரோ அளவுக்கு மிஞ்சி அடைத்ததால் அது சீலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் போடலாமா என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். கிறீஸை உறிஞ்சிய லைனிங் கழுவினாலும் பிறேக் சூடேறும்போது திரும்பக் கசியும். புது லைனிங்கும் புதுச் சீலும்தான் வழி. ஒரு சில்லு பிடித்து மற்றது பிடிக்காவிட்டால் வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சுழன்று திரும்பும். இரண்டும் பிடிக்காததைவிட அது சிலவேளை மோசமானது.

கடைசியாக, உறைக்குள் ஓடும் பிறேக் கேபிள். சேற்றுத் தண்ணீரும் உப்புக்காற்றும் உறைக்குள் போய்க் கறள் பிடித்தால் கேபிள் இழுபடும், ஆனால் திரும்பி வராது. எண்ணெய் விட்டு ஓரிரவு தொங்கவிட்டார். காலையிலும் அசையாததால் மாற்றினோம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் கவனிக்க: கைப்பிறேக்கைப் போட்டபடி விட்டால் லைனிங் டிறம்மோடு ஒட்டிக் கறள் பிடித்துவிடும். சமதரையில் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பிறேக்கை விடுவித்து வையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் அவர் செய்த சோதனை மிக எளிது. வண்டியைச் சமதரையில் கழற்றி நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஓரடி தள்ளிக் கட்டைகளை வைத்தார். பிறகு வயரைப் பிடித்து, இயந்திரம் இழுக்கும் திசையில் ஒரே இழுவையாக இழுத்தார். நெம்பு எழும்பி நின்றது. முன்னுக்குத் தள்ளினோம், அசையவில்லை. பின்னுக்குத் தள்ளினோம், சற்று உருண்டு, நெம்பு இன்னும் கொஞ்சம் எழும்ப, பிடித்துக்கொண்டது. றிவேர்சில் போகும்போது தானாக விடும் வகைப் பிறேக்குகளில் அப்படிச் சற்று உருள்வது இயல்பு. உருண்டுகொண்டே போனால்தான் பழுது. பழைய வகைகளில் றிவேர்ஸ் எடுப்பதற்காக ஏர்க்காலைப் பூட்டும் ஒரு தகடு இருக்கும். அதைத் திரும்ப எடுக்க மறந்தால் பாதை முழுவதும் அந்த வண்டிக்கு ஓட்டப் பிறேக் இல்லை. இந்த மறதியும் எமது வண்டிக்கு நடந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனை பழுதுகளுடனும் அந்த வண்டி இரண்டு வருடம் எங்கள் பாதைகளில் ஓடியது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டப் பிறேக் பழுதானால் சாரதியின் காலுக்குத் தெரியும். பிரியும்போது பிடிக்கும் பிறேக் பழுதானால், பிரியும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் படுக்கை, குசினி எல்லாம் உள்ள வீட்டு வண்டியொன்றைக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்வார்கள். அவற்றில் இதே வேலையை மின்சாரம் செய்கிறது. வண்டியின் முன்புறத்தில் 12 வோல்ற் பற்றறி ஒன்றும் ஒரு சிறிய ஆளியும் இருக்கும். ஆளிக்குள் ஒரு முளை செருகப்பட்டிருக்கும்; முளையிலிருந்து வயர் காருக்குப் போகும். வண்டி பிரிந்தால் முளை பிடுங்கப்பட, ஆளி மூடி, பற்றறியின் மின்சாரம் சில்லுகளில் உள்ள காந்தங்களுக்குப் பாயும். காந்தம் சுற்றும் டிறம்மில் ஒட்டி இழுபட்டு ஷூக்களை விரிக்கும். வர்த்தக வாகனங்களுக்கான அமெரிக்க மத்திய விதியின்படி, பிரிந்த வண்டியின் பிறேக் 15 நிமிடத்துக்குக் குறையாமல் பிடித்திருக்க வேண்டும். காந்தம் ஒன்றுக்கு 3 அம்பியர் அளவில் நான்கு காந்தம் 12 அம்பியர் எடுக்கும். கணக்குப் பார்த்தால் சிறிய பற்றறி ஒன்றே போதும், அது நன்றாக ஏற்றப்பட்டிருந்தால். அங்கே வரும் பழுதுகளும் எங்களுடையவற்றின் உடன்பிறப்புகள்தான். பற்றறி ஒருநாளும் சார்ஜ் ஏறாமல் செத்திருக்கும். ஆளிக்குள் முளை கறள் பிடித்து இறுகியிருக்கும். உடலோடு சேரும் வயர் முனை பச்சை பூத்திருக்கும். காருக்கு வரும் மின்செருகியைக் கழற்றிவிட்டு முளையை இழுத்து, மெதுவாக முன்னே நகர்த்திப் பார்க்க வேண்டும். சில்லுகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். பார்த்த கையோடு முளையைத் திரும்பச் செருகாவிட்டால் பற்றறி இறங்கிவிடும், காந்தமும் சூடேறும்.

எமது நெல்லுப் பெட்டிகளுக்கு வருவோம். நான் பார்த்த பெட்டிகளில் பலவற்றில் எந்தப் பிறேக்கும் இல்லை. புதிதாகப் பெட்டி செய்விப்பவர்கள், கூலிக்கு எடுக்கும் சங்கங்கள், பிறேக் உள்ள அச்சைக் கேட்டு வாங்குங்கள். பணம் கூடத்தான். ஆனால் ஒரு கை முறிவுக்கு அந்தக் குடும்பம் செலவழித்ததையும், இழந்த கூலி நாட்களையும் கூட்டிப் பார்த்தபோது அது சிறிய தொகையாக எனக்குத் தெரியவில்லை. கைப்பிறேக் உள்ள பெட்டியில், நெம்பு முன்னோக்கி இழுத்தால் பிடிக்கும் வகையாகவும் பற்கள் நல்லதாகவும் இருந்தால், மேலே சொன்ன வயரை அதற்கும் கொழுவலாம்.

பிறேக்கே இல்லாத பெட்டிக்கு எஞ்சியிருப்பது சங்கிலி. ஆணி இல்லாமல் அந்தச் சங்கிலியால் மட்டும் பெட்டியைக் கட்டி இழுத்தாலும் அறாத தடிப்பு வேண்டும். மாடு கட்டும் சங்கிலி உதவாது. இரண்டு சங்கிலிகளை ஏர்க்காலின் கீழே குறுக்காக மாற்றிப் போட்டால், ஆணி கழன்றாலும் ஏர்க்கால் அவற்றின்மேல் தொட்டில்போல் விழும்; பாதையில் குத்தி பெட்டியைக் குத்துக்கரணம் போட வைக்காது. சங்கிலியின் முனையும் ஆணியில் மாட்டப்படாமல் இயந்திரத்தின் உடலில் போல்ற் போட்டு இறுக்கப்பட வேண்டும். பூட்டு ஊசி சிறிய சாமான்தான் என்று அலட்சியம் செய்யாதீர்கள். அதை மெல்லிய சங்கிலியால் ஆணியின் தலையோடு கட்டிவைத்தால் தொலையாது.

சாரதிமாருக்கு இன்னும் இரண்டு சொல். வயலில் பிரித்து மிதிக்கும் இட, வலப் பிறேக் மிதிகளை வீதியில் ஏறுமுன் ஒன்றாகப் பூட்டுங்கள். பாரத்தோடு ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் திரும்பும், பெட்டி அதை மடக்கித் தள்ளும். இறக்கத்துக்கு வேண்டிய சிறிய கியரை உச்சியிலேயே போடுங்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூற்றலில் விடாதீர்கள்.

லான்ட்மாஸ்ரர் வைத்திருப்பவர்களுக்கு விடயம் வேறு. அங்கே சாரதி பெட்டியில்தான் இருக்கிறார். மிதிக்கும் பிறேக்கும் பெட்டியில்தான் இருக்கிறது. அது பழுதென்றால் முழு வண்டிக்கும் பிறேக் இல்லை என்று பொருள். இறக்கத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சமதரையில் வலக் கிளச்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பாரம் பின்னாலிருந்து தள்ளும் இறக்கத்தில் அதே வலக் கிளச்சைப் பிடித்தால் வலச் சில்லு இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக ஓடும். வண்டி இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது புதிய சாரதிகள் வாய்க்காலுக்குள் போவது பெரும்பாலும் இதனால்தான். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், கைபிடியால் திருப்பி, மிதிபிறேக்கை மெதுவாகப் பாவியுங்கள்.

ஓடும்போது ஆணி கழன்று, சங்கிலி பெட்டியைப் பிடித்துக்கொண்டால், சத்தம் கேட்டவுடன் சாரதியின் கால் தானாகவே பிறேக்குக்குப் போகும். அப்படித் திடீரென்று மிதித்தால் பிறேக் இல்லாத பெட்டி நேராக வந்து சாரதியின் முதுகில் ஏறும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஐந்தரை மீற்றர் ஓடுகிறது அது. எண்ணெய் மிதியை மட்டும் விட்டு, இயந்திரம் தானாகத் தளர, பாதையின் ஓரத்துக்கு மெதுவாக எடுங்கள். ஏற்றமான பக்கம் கிடைத்தால் அதுவே நல்லது. பெட்டியில் உள்ளவர்கள் அது நிற்கும்வரை குதிக்கக் கூடாது. நின்றவுடன் சில்லுகளுக்குக் கட்டை வைத்த பிறகே ஆட்களை இறக்குங்கள். அந்தக் கட்டைகள் இரண்டும் எப்போதும் சாரதியின் இருக்கைக்கு அருகில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மூடைகளுக்கு அடியில் கிடந்தால் தேடி எடுக்க நேரம் இராது.